ஹேமர் ட்ரில்: எந்தச் சுவரில் ஹேமர் போடலாம், எதில் போடவே கூடாது?

புதுச்சாவி

வணக்கம். முதல்முறையாக ஒரு ஹேமர் ட்ரில் வாங்கியிருக்கிறேன். 13 மி.மீ. சக் (துளைக்கும் முனையைப் பிடிக்கும் வாய்), விசையை அழுத்துவதற்கேற்ப வேகம் கூடும், மேலே ட்ரில் – ஹேமர் என்று மாற்ற ஒரு குமிழ். பக்கக் கைப்பிடியும் ஆழம் பார்க்கும் கம்பியும் கூடவே வந்தன. ஸ்க்ரூ டிரைவரைத் தாண்டி இதுவரை எதையும் பிடித்ததில்லை.

வேலைகள் ஐந்து. குளியலறை டைல்ஸில் துண்டு போடும் கம்பி, கூடத்துச் செங்கல் சுவரில் புத்தக அலமாரி, மேல்தளக் காங்கிரீட்டில் ஊஞ்சல் நாற்காலிக்கு ஒரு கொக்கி, மரக்கதவில் பூட்டு, இரும்பு கேட்டில் தாழ்ப்பாள். எல்லாவற்றுக்கும் ஹேமரைப் போட்டு ஓட்டினால் போதுமா? கையேட்டில் கண்ணாடி போடு, காதை மூடு என்று படம் படமாக இருக்கிறது. எந்தப் பொருளில் எப்படி ஓட்டுவது என்று ஒரு வரிகூட இல்லை.

சுத்தியல்

டைல்ஸ், மரம், இரும்பு மூன்றிலும் ஹேமர் கிடையாது. காங்கிரீட்டில் உண்டு. செங்கல் என்ன செங்கல் என்று தெரிந்தால்தான் சொல்ல முடியும். ஊஞ்சல் கொக்கியைப் பற்றி யாராவது தனியாக எழுதுங்கள், அது இந்தப் பட்டியலில் சேர வேண்டிய வேலையே இல்லை.

கொத்தனார்மகன்

ஹேமர் என்ன செய்கிறது என்று புரிந்துவிட்டால் பாதிக் கேள்வி தானாகவே தீர்ந்துவிடும். உங்கள் மெஷினுக்குள் பல்பல்லாக வெட்டிய இரண்டு வட்டுகள் இருக்கின்றன. ஹேமர் பக்கம் குமிழைத் திருப்பியதும் ஒன்றின் பல் மற்றதன் மேல் ஏறி இறங்கும். பிட், அதாவது சக்கில் மாட்டும் துளைக்கும் முனை, சுற்றிக்கொண்டே முன்னும் பின்னும் துடிக்கும். நிமிடத்துக்கு 40,000 தட்டுக்கு மேல் வரும், ஆனால் ஒவ்வொரு தட்டும் மிகச் சின்னது. நீங்கள் பின்னாலிருந்து அழுத்தினால்தான் வட்டுகள் ஒன்றையொன்று தொடும். அழுத்தாவிட்டால் தட்டே இல்லை.

இந்தத் தட்டு நொறுக்குவதற்கு. காங்கிரீட், கருங்கல் போன்றவை வெட்டுப்படாது, நொறுங்கித்தான் வழிவிடும். மரமும் இரும்பும் சீவிச் சீவி வெட்டப்படுபவை, அங்கே தட்டினால் பிட்டின் முனை மழுங்குவதுதான் மிச்சம். டைல்ஸும் நொறுங்கும் சாதிதான், ஆனால் மெல்லிய தகடு. நாம் கேட்ட இடத்தோடு நிற்காமல் ஓரம் வரை விரிசல் ஓடிவிடும்.

ஆகவே என் வழக்கம்: எந்தச் சுவரானாலும் ஹேமர் இல்லாமல்தான் ஆரம்பிப்பேன். மெதுவாக ஒரு சென்டிமீட்டர் போனதும் நிறுத்தி, வந்த தூளைப் பார்ப்பேன். முதலில் வரும் வெள்ளை அல்லது வெளிர் சாம்பல் தூள் பூச்சு, அதை வைத்து எதையும் முடிவு செய்யக்கூடாது. அதற்குப் பிறகு சிவப்பாக வந்தால் செங்கல். நல்ல சாம்பல் நிறமாக, மாவு போல வந்து பிட்டும் நகர மறுத்தால் காங்கிரீட். வெள்ளையாக, மணல் மணலாக, வெண்ணெயில் போவதுபோல் பிட் இறங்கினால் ஏஏசி பிளாக், அதாவது காற்றுக்குமிழ் நிறைந்த லேசான காங்கிரீட் கல். வெள்ளைத் தூளோடு காகிதத் துணுக்கும் வந்து பிட் சட்டென்று வெற்றிடத்தில் விழுந்தால் ஜிப்சம் போர்டு. இந்தக் கடைசி இரண்டுக்கும் கடைசிவரை ஹேமர் தேவையே இல்லை. ஏஏசியில் ஹேமரைப் போட்டால் 8 மி.மீ. துளை 11 மி.மீ. ஆகி, பிளக் (திருகைப் பிடிக்கத் துளைக்குள் செருகும் குழல்) உள்ளே ஆடும்.

அலமாரி வரப்போகும் சுவரில், அலமாரி மறைக்கும் இடமாகப் பார்த்து ஒரு 5 மி.மீ. துளை போட்டுப் பாருங்கள். என்ன தூள் வந்தது என்று இங்கே சொல்லுங்கள்.

வயர்மேன்

அண்ணா சொன்ன சோதனைத் துளைக்கு முன்னால் ஒன்று. அந்தச் சுவரில் சுவிட்ச், பிளக் பாயின்ட், விளக்கு எங்கே இருக்கிறது என்று பாருங்கள். ஒழுங்காகச் செய்த வயரிங்கில் குழாய் அவற்றிலிருந்து நேர் மேலே, நேர் கீழே, அல்லது நேர் பக்கவாட்டில் போகும். அந்தக் கோடுகளில் துளை வேண்டாம். சுவரின் மறுபக்க அறையில் இருக்கும் சுவிட்சையும் கணக்கில் எடுங்கள், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். பழைய கட்டடங்களில் வயரைக் குறுக்காக இழுத்திருப்பதும் உண்டு. அதனால் கோடு பார்த்ததோடு விடாமல் அந்த அறையின் எம்சிபியை (மின்பெட்டியில் இருக்கும் தானியங்கிச் சுவிட்ச்) இறக்கிவிட்டு, வேறு அறையிலிருந்து நீட்டிப்பு வயர் இழுத்து மெஷினை ஓட்டுங்கள்.

பேட்டரி மெஷின்தானே, ஷாக் அடிக்காது என்று சிலர் நினைக்கிறார்கள். மின்சாரம் சுவருக்குள் இருக்கும் வயரிலிருந்து பிட், சக் வழியாக வரும். மெஷின் எதில் ஓடுகிறது என்பதற்கும் அதற்கும் சம்பந்தமில்லை. துளைக்கும்போது கை பிளாஸ்டிக் பிடிகளில் மட்டுமே இருக்க வேண்டும். முன்பக்கத்து உலோகக் கழுத்தைப் பிடித்து அழுத்தும் பழக்கம் நிறையப் பேருக்கு இருக்கிறது, அதுதான் ஆபத்து.

30 மில்லிஆம்பியர் ஆர்சிசிபி (மின்கசிவு வந்தால் உடனே துண்டிக்கும் சுவிட்ச்) இருக்கும் லைனில் மெஷினைச் செருகுங்கள். மெஷின் உடம்பில் சதுரத்துக்குள் சதுரம் குறி இருந்தால் இரட்டைக் காப்பு, எர்த் பின் இல்லையே என்று பயப்பட வேண்டாம்.

மரத்தூள்

சுவருக்குள் வயர் காட்டும் டிடெக்டர் ஒன்று வாங்கினால் இவ்வளவு யோசனையே தேவையில்லையே?

வயர்மேன்

வாங்கலாம், ஆனால் அது "இங்கே இருக்கிறது" என்று சொன்னால் மட்டும் நம்புங்கள். "இல்லை" என்று சொன்னால் அரை நம்பிக்கைதான். ஈரச் சுவரில் எல்லா இடத்திலும் கத்தும். பூச்சுக்குள் கம்பிவலை இருந்தாலும் அப்படியே. மின்சாரம் ஓடாத வயரையும் பிளாஸ்டிக் தண்ணீர்க் குழாயையும் சாதா டிடெக்டர் பார்க்காது. குளியலறையில் குழாய், ஷவர் இவற்றின் நேர்கோட்டை விட்டு விலகுவதுதான் நல்லது.

பட்டறைக்காரி

மரமும் இரும்பும் என் பகுதி என்பதால் வருகிறேன்.

மரக்கதவு: சுவருக்கு வாங்கிய பிட்டை மரத்தில் போடாதீர்கள். அதன் முனையில் ஒட்டியிருக்கும் கார்பைடு சில்லுக்கு வெட்டும் கூர்மை கிடையாது, மரத்தைக் கருக்கும். நடுவில் ஊசிமுனை உள்ள மரப் பிட் வாங்குங்கள். பூட்டுக்குப் பெரிய துளை வேண்டுமென்றால் மெஷினில் மாட்டும் கிண்ணம்போன்ற வட்ட ரம்பம். ஒரு பக்கமிருந்தே முழுவதும் போனால் மறுபக்கம் நார் நாராகப் பிய்ந்துவிடும். நடுப் பிட்டின் முனை மறுபக்கம் எட்டிப் பார்த்ததும் நிறுத்தி, அந்தப் பக்கம் போய் மீதியை முடியுங்கள். வட்ட ரம்பம் மாட்டிக்கொண்டால் மணிக்கட்டை முறுக்கிவிடும், பக்கக் கைப்பிடியைப் போட்டுக்கொள்ளுங்கள்.

இரும்பு கேட்: எச்எஸ்எஸ் (அதிவேக எஃகு) பிட். முதலில் சென்டர் பஞ்ச் என்ற கூர்முனை உளியால் ஒரு குழி தட்டுங்கள், இல்லாவிட்டால் பிட் வழுக்கிப் பெயின்ட்டெல்லாம் கோடு போடும். 4 மி.மீ. துளை போட்டு, அப்புறம் வேண்டிய அளவு. வேகத்தில்தான் எல்லாரும் தவறுவார்கள். பிட் பெரிதாகப் பெரிதாக வேகம் குறைய வேண்டும். சாதா இரும்பில் 10 மி.மீ. பிட்டுக்கு நிமிடத்துக்கு 800 சுற்று அளவு போதும், உங்கள் மெஷின் முழு அழுத்தத்தில் 2,500, 3,000 ஓடும். சுருள் சுருளாக வந்தால் சரியாக வெட்டுகிறது என்று அர்த்தம். தூளாக வந்து கீச்சென்று கத்தினால் வேகம் அதிகம், அழுத்தம் குறைவு. துளியளவு எண்ணெய் விட்டுக்கொள்ளுங்கள். ஸ்டெயின்லெஸ் என்றால் இன்னும் மெதுவாக, இன்னும் அழுத்தி, கோபால்ட் பிட்டோடு. அது தேய்ந்தால் தேய்ந்த இடம் மேலும் இறுகிப்போகும், பிறகு எந்தப் பிட்டும் இறங்காது.

துளை மறுபக்கம் திறக்கும் அந்த நொடியில் பிட் தகட்டைப் பிடித்துச் சுழற்றப் பார்க்கும். கேட் நிற்கிறது, பிரச்சினையில்லை. கையில் பிடித்த சின்னத் தகடு என்றால் அது கத்திபோல் சுற்றும். தகட்டைக் கையில் பிடித்துத் துளைக்கவே கூடாது, கிளாம்ப் போடுங்கள்.

சுத்தியல்

> பக்கக் கைப்பிடியைப் போட்டுக்கொள்ளுங்கள்

இதை மரத்துக்கு மட்டும் என்று நினைத்துவிடாதீர்கள். எல்லா வேலைக்கும்தான். பிட் சிக்கிக்கொண்டால் மோட்டார் நிற்காது, மெஷின் சுற்றும். ஏணி மேல் ஒற்றைக் கையில் பிடித்திருந்தால் முதலில் மணிக்கட்டு, அப்புறம் ஆள். விசையை அழுத்தியபடியே பூட்டி வைக்கும் பொத்தான் இருக்கும், கையில் பிடித்து ஓட்டும்போது அதைத் தொடாதீர்கள். விரல் எடுத்தால் மெஷின் நிற்க வேண்டும்.

புதுச்சாவி

சோதனைத் துளை போட்டேன். முதலில் வெளுப்பு, பிறகு நல்ல சிவப்பு. 3 செ.மீ. போனதும் பிட் திடீரென்று உள்ளே விழுந்தது, மறுபடி தடுத்தது, மறுபடி விழுந்தது. சுவர் உளுத்துப்போய்விட்டதா?

இன்னொரு சந்தேகம். கையுறை போட்டுக்கொண்டேன், அது சரிதானே?

கொத்தனார்மகன்

உளுத்துப்போகவில்லை. துளைச் செங்கல், உள்ளே அறை அறையாக இருக்கும். ஹேமர் போடாமல் பார்த்தது நல்லதாகப் போயிற்று. அதில் ஹேமர் போட்டால் வெளியே அழகான 8 மி.மீ. வட்டம் தெரியும், உள்ளே இருக்கும் மெல்லிய தடுப்புகள் எல்லாம் பொடிந்து கிடக்கும். பிளக் பிடிக்க ஒன்றும் மிஞ்சாது. எல்லாத் துளையையும் ஹேமர் இல்லாமலே போடுங்கள், சுடுமண்தான், நல்ல கார்பைடு பிட் சுற்றியே போய்விடும். கொஞ்சம் நேரமாகும், அவ்வளவுதான்.

பிளக்கும் மாற வேண்டும். சாதாக் குட்டைப் பிளக் வெற்றிடத்தில் விரிந்து சும்மா இருக்கும். இதற்கென்றே நீளமான நைலான் பிளக் வருகிறது, பின்னால் வெற்றிடம் இருந்தால் முடிச்சுப் போல் மடங்கிக்கொள்ளும். அலமாரி பெரிது என்றால் வலைக்குழாய் செருகி ரசாயனப் பசை ஊற்றும் முறைதான் நிம்மதி. ஒரு மீட்டர் நீளத்துக்குப் புத்தகம் அடுக்கினால் 20, 30 கிலோ வந்துவிடும். அலமாரி ஆழமாக ஆழமாக மேல் திருகு வெளியே இழுபடும், கீழ்த் திருகு சுவரை அழுத்தும். எனவே மேல் வரிசைத் திருகுகளில் கஞ்சத்தனம் வேண்டாம்.

இரும்பு எக்ஸ்பான்ஷன் போல்ட்டை இந்தச் செங்கலில் போடாதீர்கள். இறுக்க இறுக்கச் செங்கலைப் பிளக்கும். அது காங்கிரீட்டுக்கான சாமான்.

மரத்தூள்

செங்கல்லில் ஏன் துளைக்க வேண்டும்? இரண்டு செங்கலுக்கு நடுவில் இருக்கும் சாந்தில் போட்டால் சுலபமாக இறங்கும், செங்கலும் தப்பும்.

கொத்தனார்மகன்

சுலபமாக இறங்குகிறது என்றால் சுலபமாக வெளியேயும் வரும். பூசிய சுவரில் சாந்துக் கோடு எங்கே என்று எப்படித் தெரியும் என்பது வேறு கேள்வி. பூசாத அழகுச் சுவரில் ஒரு படம் மாட்ட, பிற்பாடு துளையை மூட வசதியாக இருக்க, சாந்து சரி. எடை தாங்க வேண்டுமென்றால் முழுச் செங்கலின் நடு. மிகப் பழைய, பொடியும் செங்கலாக இருந்தால் அங்கே நீங்கள் சொல்வதில் நியாயம் உண்டு, செங்கலைவிடச் சாந்து திடமாக இருக்கும் சுவர்களும் இருக்கின்றன.

பட்டறைக்காரி

கையுறை பற்றி: தொளதொளப்பான பருத்திக் கையுறை என்றால் கழற்றிவிடுங்கள். நூல் பிட்டில் சிக்கினால் கையுறையோடு விரலையும் இழுத்துக்கொள்ளும். நிலையாக நிற்கும் டிரில்லிங் மெஷினில் கையுறையே கூடாது என்பது பட்டறைச் சட்டம். தொங்கும் சட்டைக் கை, விரித்த முடி, கழுத்துச் சங்கிலி எல்லாம் இதே கணக்கில் சேரும்.

சுத்தியல்

அக்கா, பாதி ஒத்துக்கொள்கிறேன். ஹேமரில் இரண்டு கையும் பிடிகளில் இருக்கும்போது விரல் பிட்டுக்குப் பக்கத்திலேயே போகாது. கையோடு ஒட்டிய ரப்பர் பூச்சுக் கையுறை அதிர்வையும் கொஞ்சம் தணிக்கும், பிடியும் நழுவாது. நான் போடுகிறேன். பிட் மாற்றும்போதும் உதவும், காங்கிரீட்டிலிருந்து வெளியே வந்த பிட் தொட்டால் கொப்புளம்தான்.

பட்டறைக்காரி

ஒட்டிய கையுறை என்றால் சண்டை இல்லை. ஆனால் அதிர்வைத் தணிக்கும் என்று நம்பி நாளெல்லாம் ஓட்டாதீர்கள், கையுறை குறைப்பது மிகக் கொஞ்சம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2002ஆம் ஆண்டு விதியில், 8 மணி நேர வேலைக்குச் சராசரியாகக் கையில் ஏறும் அதிர்வு 2.5 மீ/வி² தாண்டினாலே முதலாளி நடவடிக்கை எடுக்க வேண்டும், 5-ஐத் தாண்டவே கூடாது. ஹேமர் ட்ரில் கையேடுகளில் பத்துக்கு மேல் போட்டிருப்பது சாதாரணம். வீட்டில் நாலு துளை போடுபவருக்கு இது பிரச்சினை இல்லை. இதையே தொழிலாகச் செய்பவர்களுக்குக் குளிரில் விரல் வெளுத்துப்போய், உணர்ச்சி குறையும் நோய் வரும். வந்தால் திரும்பாது.

புதுச்சாவி

சரி, ஒட்டிய கையுறையே வாங்கிக்கொள்கிறேன். இப்போது டைல்ஸுக்கு வருவோம். தெரிந்தவர் ஒருவர், "டைல்ஸ் மேல் தண்ணீரை ஊற்றிக்கொண்டே துளை போடு, பிட் சூடானால் தண்ணீரில் முக்கு" என்றார். சரியா?

வயர்மேன்

மின்சார பிளக் பாயின்ட்டில் செருகிய மெஷினும் வழியும் தண்ணீரும் சேரவே கூடாது. மோட்டாரின் காற்றுத் துளை வழியாகத் தண்ணீர் உள்ளே போனால் இரட்டைக் காப்பு என்ற பேச்சே முடிந்தது. ஈரமான பஞ்சை டைல்ஸில் துளைக்குக் கீழே ஒட்டிப் பிடிக்கலாம், இன்னொருவர் தெளிப்பானால் ஒரு பீச்சு பீச்சலாம். அதற்கு மேல் வேண்டாம். பேட்டரி மெஷின் கிடைத்தால் இரவல் வாங்குங்கள்.

கொத்தனார்மகன்

அவர் சொன்னதில் இரண்டாவது பாதி முழுத் தப்பு. கார்பைடு முனையுள்ள பிட்டைச் சூடாகத் தண்ணீரில் முக்கினால் சில்லில் விரிசல் விழும். அதுவாக ஆறவிடுங்கள். டைமண்ட் பிட்டுக்கு மட்டும் ஆரம்பத்திலிருந்தே ஈரம் வேண்டும், அது காய்ந்து ஓடினால் வைரத்துகள் உதிர்ந்து வெறும் குழாயாகிவிடும்.

எந்தப் பிட் என்பது எந்த டைல்ஸ் என்பதைப் பொறுத்தது. சாதாச் செராமிக் சுவர் டைல்ஸ் என்றால் ஈட்டிமுனைக் கார்பைடு பிட் போதும். உடைந்த துண்டின் ஓரம் செங்கல் நிறத்தில் அல்லது வெள்ளையாக மண்போல் இருந்தால் அது செராமிக். விட்ரிஃபைடு என்றால் ஓரமும் கண்ணாடிபோல் இறுகியிருக்கும், ஈட்டிமுனை அதில் பளபளவென்று தேய்ந்துபோகும், குழாய்போன்ற டைமண்ட் கோர் பிட்தான் வழி.

இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது டைல்ஸை விரல் முட்டியால் தட்டிப் பாருங்கள். பொத்தென்று கேட்டால் பின்னால் சாந்து இல்லை, அங்கே அழுத்தினாலே உடையும். ஓரத்திலிருந்து 2, 3 செ.மீ.யாவது உள்ளே தள்ளுங்கள். குறிமேல் காகித டேப் ஒட்டினால் பிட் வழுக்காது. குமிழ் ட்ரில் பக்கம், குறைந்த வேகம், மிதமான அழுத்தம். கோர் பிட்டுக்கு நடுமுனை கிடையாது. அதைச் சாய்த்துப் பிடித்து ஒரு பிறைபோல் கீறிவிட்டு, மெல்ல நிமிர்த்துங்கள்.

டைல்ஸைத் தாண்டியது சத்தத்திலேயே தெரியும். அங்கே நிறுத்துங்கள். சுவருக்கான பிட்டை மாற்றுங்கள். பின்னால் காங்கிரீட் அல்லது முழுச் செங்கல் என்றால் இப்போது ஹேமர் போடலாம், ஆனால் பிட்டின் பக்கம் டைல்ஸ் துளையின் ஓரத்தில் உரசக்கூடாது. அதனால்தான் டைல்ஸ் துளையை ஓர் அளவு பெரிதாகப் போடச் சொல்வார்கள். உங்கள் குளியலறைச் சுவரும் கூடத்துச் சுவர்போல் துளைச் செங்கல் என்றால் இந்தக் கவலையே இல்லை, கடைசிவரை ட்ரில்தான்.

பிளக்கின் வாய் டைல்ஸுக்குள் நிற்கவே கூடாது, டைல்ஸைத் தாண்டி உள்ளே போக வேண்டும். திருகு இறங்கும்போது பிளக் விரியும், அந்த விரிவு டைல்ஸின் மேல் விழுந்தால் அன்றைக்கு இல்லாவிட்டாலும் நாலு நாள் கழித்து விரிசல் வரும். துளைக்குள் கொஞ்சம் சிலிகான் விட்டுப் பிளக்கைச் செருகினால் தண்ணீர் சுவருக்குள் இறங்காது.

மரத்தூள்

இதே முறையில் கண்ணாடியிலும் போடலாமா? ஒரு கண்ணாடித் தட்டு இருக்கிறது.

பட்டறைக்காரி

சாதாக் கண்ணாடி என்றால் டைமண்ட் பிட், தண்ணீர், பொறுமை. டஃப்பன்ட் (சூடாக்கி இறுக்கிய) கண்ணாடி என்றால் எந்தப் பிட்டும் கிடையாது, தொட்டதும் முழுத் தட்டும் சிறு துண்டுகளாகச் சிதறும். மூலையில் முத்திரை இருக்கிறதா பாருங்கள். கருங்கல் மேடையிலும் இதே பிட், ஹேமர் கூடாது. கருங்கல் கெட்டிதானே என்று ஹேமர் போடுகிறார்கள், 2 செ.மீ. பலகைக்கு அந்தக் கெட்டி உதவாது, அடிப்பக்கம் பெரிய சில்லாகப் பெயரும்.

சுத்தியல்

தூளைப் பற்றி யாரும் வாயே திறக்கவில்லையே. எல்லாரும் விரலைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள், நுரையீரலைப் பற்றி யாருக்கும் கவலையில்லை.

பிரிட்டனின் பணியிடப் பாதுகாப்புத் துறை தரும் கணக்குப்படி காங்கிரீட்டிலும் சாந்திலும் 25 முதல் 70 சதவீதம் வரை சிலிக்கா. டைல்ஸில் 30–45, கருங்கல்லில் 20–45, செங்கல்லில் 30 வரை. சலவைக்கல்லில் 2 சதவீதம்தான். கண்ணுக்குத் தெரியும் தூள் மூக்கிலேயே நின்றுவிடும். கண்ணுக்குத் தெரியாத நுண்தூள்தான் நுரையீரலின் அடிவரை போய்த் தங்கும், சிலிகோசிஸ் அதிலிருந்து வருகிறது. அமெரிக்காவில் 2016இல் கொண்டுவந்த விதியின்படி 8 மணி நேர வேலையில் ஒரு கன மீட்டர் காற்றில் 50 மைக்ரோகிராம்தான் அனுமதி. கையில் எடுத்துப் பார்க்கக்கூட முடியாத அளவு அது.

துணியைச் சுற்றினால் போதாது. என்95 அல்லது அதற்கு மேல், முகத்தோடு ஒட்டியிருக்க வேண்டும், தாடி இருந்தால் ஒட்டாது. வேக்குவம் கிளீனர் குழாயை இன்னொருவர் துளைக்கு அடியில் பிடித்தால் பாதி வேலை முடிந்தது. கடைசியில் துடைப்பத்தால் பெருக்காதீர்கள், எல்லாம் மறுபடி மேலே எழும். ஈரத்துணி போடுங்கள். துளைக்குள் வாயால் ஊதுவதும் வேண்டாம், தூள் நேராகக் கண்ணுக்கு வரும்.

பழைய ஆஸ்பெஸ்டாஸ் தகடு ஏதாவது இருந்தால் அதைத் துளைக்கவே வேண்டாம். முகமூடி போட்டுக்கொண்டும் வேண்டாம்.

மரத்தூள்

காதுக்கு? ஒரு துளை அரை நிமிடம்தானே.

சுத்தியல்

ஹேமர் 100 டெசிபல் பக்கம் வரும். அமெரிக்காவின் பணியிட உடல்நல ஆய்வு நிறுவனமான நியோஷின் பரிந்துரை 85 டெசிபலில் 8 மணி நேரம், ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் நேரம் பாதியாகும். கணக்குப் போட்டால் 100-இல் நாளுக்கு 15 நிமிடம். துளைக்கு அரை நிமிடம் என்றாலும் முப்பது துளையில் அது தீர்ந்துவிடும், சின்ன அறையில் சத்தம் சுவரில் மோதித் திரும்பவும் வரும். காதில் அடைக்கும் நுரைப் பஞ்சு மலிவான சாமான், சாக்குச் சொல்லாதீர்கள்.

புதுச்சாவி

துண்டுக் கம்பி மாட்டியாயிற்று, டைல்ஸ் தப்பியது. மேல்தளக் கொக்கிதான் பாக்கி. அங்கேயும் சோதித்தேன், ஒரே சாம்பல் தூள், ஹேமர் போட்டும் ஒரு நிமிடத்தில் ஒன்றரை சென்டிமீட்டர்தான் போனது. மெஷினில் கோளாறா?

கொத்தனார்மகன்

முதலில் சுற்றும் திசையைப் பாருங்கள். திசை மாற்றும் விசை பின்பக்கம் இருந்தால் பிட் வெறுமனே சூடாகும், இறங்காது. அது சரியாக இருந்தால் மெஷினில் கோளாறில்லை, அதன் வலு அவ்வளவுதான். பல்வட்டு ஹேமரை மேல்நோக்கி அழுத்திப் பிடித்துக் கெட்டிக் காங்கிரீட்டில் 10, 12 மி.மீ. துளை போடுவது தோளுக்குத் தண்டனை. இதற்கென்று ரோட்டரி ஹேமர் இருக்கிறது. உள்ளே பிஸ்டன், காற்றழுத்தத்தால் அடிக்கும். நிமிடத்துக்கு 4,000, 5,000 அடிதான், ஆனால் ஒவ்வொன்றும் 2, 3 ஜூல். நீங்கள் அழுத்தவே தேவையில்லை, மெஷினைத் தாங்கிப் பிடித்தால் போதும், அதிகம் அழுத்தினால் அடி குறையும். பிட் சிக்கிக்கொண்டால் உள்ளே கிளட்ச் நழுவி உங்கள் கையைக் காப்பாற்றும். ஒருநாள் வாடகைக்கு எடுங்கள்.

அதற்கு எஸ்டிஎஸ் பிளஸ் பிட் வேண்டும், அடிக்கட்டை 10 மி.மீ., பக்கத்தில் பள்ளம் வெட்டியிருக்கும். கட்டையில் துளி கிரீஸ் தடவிச் செருகுங்கள். அந்தப் பிட்டை உங்கள் சாதாச் சக்கில் மாட்டி ஓட்டாதீர்கள், நேராக நிற்காது.

வயர்மேன்

கொக்கிக்கு முன்னால் யோசிக்க வேண்டியது: மேல்தளத்துக்குள்ளும் விளக்குக்கும் மின்விசிறிக்கும் போகும் குழாய்கள் ஓடும். அங்கே நேர்கோடு விதியெல்லாம் இல்லை, பெட்டியிலிருந்து பெட்டிக்குக் குறுக்கே போட்டிருப்பார்கள். டிடெக்டர், எம்சிபி இரண்டும் கட்டாயம்.

சுத்தியல்

நான் முதலிலேயே தனியாகச் சொன்னது இதற்குத்தான். ஊஞ்சல் நாற்காலி என்றால் ஆள் உட்காரும், ஆடும், குழந்தை குதிக்கும். நிற்கும் எடையைப்போல் இரண்டு மடங்கு, அதற்கு மேலும் கொக்கியில் ஏறும், அதுவும் நேர் கீழ்நோக்கி இழுக்கும். நைலான் பிளக் அங்கே கூடவே கூடாது. விரிசல் விழுந்த காங்கிரீட்டுக்கும் ஏற்றது என்று தயாரிப்பாளர் சான்று தந்திருக்கும் இரும்பு ஆங்கர் (காங்கிரீட்டைப் பிடித்து நிற்கும் போல்ட்), அல்லது பசையால் பிடிக்கும் ரசாயன ஆங்கர். ரசாயன ஆங்கர் என்றால் துளையை ஊதி, பிரஷ் போட்டு, மறுபடி ஊதிச் சுத்தம் செய்தே ஆக வேண்டும். தூள்மேல் ஊற்றிய பசை தூளைத்தான் பிடிக்கும். ஊதக் கைப்பம்பு, கண்ணாடி போட்டுக்கொண்டு.

பிட் காங்கிரீட்டுக்குள் இருக்கும் இரும்புக் கம்பியில் முட்டினால் சத்தமே மாறும், முன்னேற்றம் அப்படியே நிற்கும், தூளில் பளபளப்புத் தெரியும். அழுத்தாதீர்கள், இடம் மாற்றுங்கள். கார்பைடு முனை உடைவது சின்ன நஷ்டம். தளத்தைத் தாங்குவதே அந்தக் கம்பி, அதை வெட்டுவது நீங்கள் தனியாக முடிவெடுக்கும் விஷயம் இல்லை. உயரக் கட்டடங்களில் இழுத்துக் கட்டிய எஃகுக் கேபிள் வைத்த தளமாக இருக்கலாம், அதில் கேபிளைத் தொட்டால் உயிராபத்து. கட்டடத்தின் வரைபடம் பார்க்காமல், ஸ்கேன் செய்யாமல் துளைக்கவே கூடாது.

மரத்தூள்

நின்று ஆடும் ஊஞ்சல் நாற்காலி, தன் சொந்த இரும்புக் காலோடு கடையில் கிடைக்கிறது. சொல்லிவைக்கிறேன்.

புதுச்சாவி

எங்களுடையது பழைய இரண்டு மாடி வீடு, சாதாக் கம்பிக் காங்கிரீட்தான். கட்டிய பொறியாளரிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டேன், இடமும் அவரே குறித்துக் கொடுத்தார். வாடகை ரோட்டரி ஹேமர் இப்போது கையில் இருக்கிறது. 5 செ.மீ. போனதும் கம்பியின் ஓரத்தில் உரசி, பிட் மாட்டிக்கொண்டது. கிளட்ச் கடகடவென்று நழுவியது, நிறுத்திவிட்டேன். மெஷின் தொங்குகிறது. என்ன செய்ய?

கொத்தனார்மகன்

மெஷினின் மின்பிளக்கை உருவுங்கள். மெஷினை ஆட்டி ஆட்டிப் பிடுங்காதீர்கள், பிட் உள்ளேயே முறியும். எஸ்டிஎஸ் சக்கின் வளையத்தைப் பின்னால் இழுத்தால் மெஷின் தனியாக வந்துவிடும், பிட் மட்டும் தளத்தில் நிற்கும். இப்போது பிட்டின் கட்டையைப் பைப் ரெஞ்சால் பிடித்து, வழக்கமாகச் சுற்றும் திசைக்கு எதிராக மெல்லத் திருப்பிக்கொண்டே கீழே இழுங்கள். ஏணியில் நீங்கள் நேர் கீழே நிற்காமல் கொஞ்சம் பக்கமாக நில்லுங்கள்.

புதுச்சாவி

வந்துவிட்டது. முனையில் ஒரு சில்லு போயிருக்கிறது. பக்கத்திலேயே 3 செ.மீ. தள்ளி அடுத்த துளை போடட்டுமா?

சுத்தியல்

வேண்டாம். கைவிட்ட துளை 5 செ.மீ. ஆழம் என்றால் அதைப்போல் இரண்டு மடங்கு, 10 செ.மீ. தள்ளுங்கள். பொறியாளர் குறித்த இடத்தை விட்டு நகர்வதால் அவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிடுங்கள். 10 செ.மீ. தள்ள இடமில்லை என்றால் பழைய துளையைச் சுத்தம் செய்து, சுருங்காத கெட்டிச் சாந்து அடைத்து, அது முழுதும் இறுகியபின் கிட்டத்தில் போடலாம். பிட்டை மாற்றுங்கள், ஒரு பக்கம் சில்லுப் போன பிட் துளையைக் கோணலாக்கும், ஆங்கர் சரியாக உட்காராது.